மஞ்சள் வளையம்

கெட்டுப்போன சாமானைப் பிரித்து நல்ல சாமான் செய்வதுதான் சென்னியப்பனுக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை. இந்த ஞாயிறு அது தலைகீழாகிக் கிடந்தது. நன்றாக இருந்த ஒன்றைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, கெட்டதைத் தேடிக்கொண்டிருந்தான். தேடிக்கொண்டிருந்தான் என்று சொல்வதுகூடப் பொய். அந்த மஞ்சள் வளையம் எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். கட்டிலுக்கு அடியில், துருப்பிடித்த திருகாணிகள் போட்டு வைத்திருக்கும் பிஸ்கட் டப்பாவின் அடியில், ஒரு துணிக்குள். ஒளித்த கை அவனுடைய கைதான். ஆனால் அந்தக் கை இப்போது ஜன்னல் மேடையில் துழாவியது, பிரித்துப் போட்ட பிரிண்டரின் வயிற்றுக்குள் விட்டுப் பார்த்தது, செத்த கம்ப்யூட்டர்களின் கரண்ட் பெட்டிகளை ஒவ்வொன்றாக நகர்த்தியது, கட்டிலுக்கு அடியில் மட்டும் போகமாட்டேன் என்றது. பற்றவைக்கும் கோல் சூடேறிப் புகைய ஆரம்பித்திருந்தது. ஈய வாசனையும் பிசின் வாசனையும் மற்ற ஞாயிறுகளில் அவனுக்குக் காப்பி வாசனை மாதிரி. இன்றைக்கு அது பிடிக்கவில்லை. சிறு மின்விசிறியைப் போட்டான். புகை சுவரில் இருந்த சதுர ஓட்டை வழியாக வெளியே போயிற்று. அந்த ஓட்டைக்கு வெளியே நான்கு மாடிக்கும் பொதுவான காற்றுப் போக்கி. எல்லா வீட்டுச் சமையலறையும் குளியலறையும் அதற்குள்தான் மூச்சு விடும், பேசும், பாத்திரம் தேய்க்கும். மேல் வீட்டில் இப்போது பேச்சு இல்லை. குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வீட்டு மருமகள் ரேணுகாவாகத்தான் இருக்கும். மத்தியானத்துக்குள் அவள் அப்பா தாராபுரத்திலிருந்து வந்துவிடுவார் என்று அவன் மனைவி கலாமணி சொல்லியிருந்தாள். வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவார். அதற்குள் இந்த வளையத்தை மாட்டிப் பார்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பார்க்காமலே இருந்துவிடலாம். பார்க்காமலே இருந்துவிடலாம் என்று நினைத்ததும் மனசு கொஞ்சம் லேசானது. அந்த லேசுதான் அவனைக் கட்டிலுக்கு அடியில் குனிய வைத்தது.

துணியை அவிழ்த்தான். உள்ளே அது சமர்த்தாக இருந்தது, ஒரு பக்கம் வெள்ளை, மற்றபடி மஞ்சள், பார்க்க அழகுதான். அழகைப் பார்த்துத்தானே எடுத்தாய் என்று தன்னையே திட்டிக்கொண்டான். பம்ப்செட் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறவன், ஒரு வாஷரைக் கூடப் பார்ட் நம்பர் பார்க்காமல் வெளியே விடாதவன், வீட்டில் மட்டும் குப்பையிலிருந்து எடுத்ததை நிறத்தை வைத்து நம்பினான். பரீட்சை எழுதி உரிமம் வாங்கி, வீட்டிலிருந்தே ரேடியோவில் ஊர் ஊராகப் பேசுகிற ஹாம்காரன் அவன். கடையில் வாங்கின ரேடியோ வைத்துப் பேசுகிறவர்களைக் கொஞ்சம் இளக்காரமாகப் பார்க்கிற ஜாதி. அவனுடைய செட்டு ஒரு பழைய டிவிடி பிளேயர் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தது. மைக், கல்யாண வீட்டு மைக்செட்காரன் தூக்கிப் போட்டது. பேசும்போது அமுக்கும் பெடல், தையல் மிஷின் மோட்டாருடையது. மொட்டைமாடியில் கட்டிய ஏரியல் கம்பிக்கும் அறைக்கும் நடுவே காற்றுப் போக்கி வழியாக இறங்கும் கறுப்பு ஒயர், கேபிள் டிவிக்காரன் அறுத்துப்போட்டுப் போனது. குடியிருப்பில் எது செத்தாலும் அவன் வீட்டு வாசலுக்குத்தான் வரும். "சென்னியப்பன் அண்ணனுக்கு ஆகுங்" என்று கொண்டுவந்து வைப்பார்கள். அதில் அவனுக்கு ஒரு பெருமை. ஒரு காசு செலவில்லாமல் கொழும்புக்காரனோடு பேசியிருக்கிறான், கட்டாக்கோடு பேசியிருக்கிறான். அந்தப் பெருமைக்கு நடுவில்தான் இந்த வளையம். கம்பியும் ஒயரும் சேருகிற இடத்தில், மாடியில், ஊறுகாய் டப்பாவுக்குள் இதன்மேல் செப்புக் கம்பியைச் சுற்றி வைப்பார்கள். கம்பி வாங்கிக்கொள்ளாத அலை ஒயரின் வெளித்தோல் வழியாகக் கீழே வழிந்து வீடுகளுக்குள் வராமல் தடுப்பதுதான் அதன் வேலை. ஒரு வேலி. அவ்வளவுதான். ஆனால் வேலிக்கு வேறு மரம் வேண்டும். கறுத்த வளையம் அந்த வேலைக்கு. மஞ்சள் வளையம் கம்ப்யூட்டரின் கரண்ட் பெட்டிக்குள் இருந்து கரண்டைச் சீர் செய்யப் பிறந்தது, இங்கே வந்தால் வேலி இருக்கிற மாதிரிக் காட்டும், எதையும் தடுக்காது. இது அவனுக்குத் தெரியாததா. தெரியும். நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றுதான் மாட்டினான். எடுத்த எடுப்பில் கொழும்பு கிடைத்துவிட்டது. அப்புறம் யார் மாற்றுவார்கள்.

உதட்டைத் தொட்டுப் பார்த்தான். கீழ் உதட்டின் ஓரத்தில் கடுகளவுக்கு ஒரு கறுப்பு. அதுவும் சொல்லத்தான் செய்தது. பேசும்போது மைக்கின் இரும்பு வலை உதட்டில் சுரீர் என்று கடிக்கும். வழிய வேண்டாத அலை ஒயரோடு வழிந்து வீட்டுக்குள் வந்து நிற்கிறது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம். ஹாம்காரன் யாரைக் கேட்டாலும் சொல்வான். அவன் மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டான். கலாமணி சொன்னாள், "ஏனுங், நீங்க பேச ஆரம்பிச்சாப் போதுங், கரண்ட் அடுப்பு கீகீன்னு கத்தீட்டு தானா அணைஞ்சுக்குதுங்." அவன் அதற்கு, "அடுப்பு மட்டமான அடுப்பு, வேற வாங்கோணும்" என்றான். அடுப்பு மட்டம். உதடு மட்டம். நாகர்கோவில் அருளானந்தம் மட்டம். அந்த மனுஷனும் ஹாம்காரர், ரேடியோவில் வந்து எவ்வளவு மரியாதையாகச் சொன்னார். "மஞ்ச ரிங்கா போட்டிருக்கீங்க? அது கரண்ட்டு பெட்டிக்கு உள்ளதுல்லா. இதுக்கு சரிவராது, பாத்துக்கிடுங்க." அதைச் சொன்னது அன்றைக்குத்தான். அந்த அன்றைக்கு. அதை நினைத்ததும் கையிலிருந்த வளையம் உருண்டு மேஜைக்குக் கீழே போனது. குனிந்து எடுக்கும்போது தலையை இடித்துக்கொண்டான். நல்லா வேணும் என்று தோன்றியது. பிளேடை எடுத்து எனாமல் கம்பியின் முனையைச் சுரண்ட ஆரம்பித்தான். சுரண்டச் சுரண்டச் செம்பு தெரிந்தது. அன்றைக்கு என்பது சுரண்டுகிற சத்தத்துக்கு அடியில் இருந்துகொண்டே இருந்தது.

மேல் வீட்டுப் பெரியவர் நாச்சிமுத்துவுக்கு வாதம் அடித்துப் பேச்சும் இடப்பக்கமும் போய் ரொம்ப நாளாகிவிட்டது. வலது கை மட்டும் வேலை செய்யும். மகன் பூபதி ஒரு கம்பியில்லாத பெல் வாங்கி வந்து, பட்டனைக் கயிற்றில் கட்டி அப்பாவின் கழுத்தில் மாட்டிவிட்டான். பெல்லைச் சமையலறைச் சுவரில், பிளக்கில் சொருகி வைத்தார்கள். அது குருவி மாதிரிக் கீச்சிடும். குருவி கீச்சிட்டால் அடுத்த நொடி ரேணுகாவின் குரல் வரும். "வந்துட்டனுங் மாமா." தோசைக் கல் மேல் கை இருந்தாலும், தலையில் சோப்பு இருந்தாலும், அந்தக் குரல் முதலில் கிளம்பும், ஆள் பின்னால் போவாள். காற்றுப் போக்கி வழியாக நாலு மாடிக்கும் அது கேட்கும். சென்னியப்பன் ஹெட்போன் மாட்டியிருந்தாலும் அந்தக் குரல் எப்படியாவது உள்ளே வந்துவிடும். ஒரு தடவை கட்டாக் ஆசாமி, யார் அந்தப் பெண், என்ன சொல்கிறாள் என்று கேட்டான். மாமனாருக்குப் பதில் சொல்கிறாள் என்று சென்னியப்பன் ஆங்கிலத்தில் விளக்கப் போய் இரண்டு பேரும் சிரித்தார்கள். அவ்வளவு தரம் கேட்ட குரல், அன்றைக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவன் காதில் விழுந்திருக்கும். அவள் சொல்வதும் அதேதான். அவள் சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், பெல் அடிக்கவில்லை, காப்பி கொடுக்கலாம் என்று உள்ளே போனபோது பெரியவர் வாந்தி எடுத்து, அது மூச்சுக் குழலில் போய், முடிந்துவிட்டிருந்தது. கட்டை விரல் பட்டன்மேல் இருந்தது. அந்த விரலை எடுக்க பூபதி கொஞ்சம் பலமாக இழுக்க வேண்டியிருந்தது. எல்லாரும் அதைப் பார்த்தார்கள். சென்னியப்பனும் வாசலில் நின்று பார்த்தான். பூபதியின் அக்கா வசந்தா வந்ததும் முதலில் அழுதாள், அப்புறம் கேட்டாள். "பெல்லு அடிக்கலையாம். அத்தன நாளும் அடிச்ச பெல்லு அன்னிக்கு மட்டும் எப்படி அடிக்காமப் போகும்?" கேள்வி என்னவோ நியாயமான கேள்விதான். பதில் தெரிந்தவன் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான்.

பதில் தெரிந்தவனா. தெரியுமா அவனுக்கு. தெரியாது. இருக்கலாம் என்றுதான் தெரியும். கம்பியைச் சுற்ற ஆரம்பித்தான், இரண்டு இழையாகச் சேர்த்து, இடைவெளி விழாமல், முன்பு சுற்றின மாதிரியே. முன்பு சுற்றின மாதிரியே என்பது முக்கியம், ஒரு சுற்றுக் கூடக் குறைய இருக்கக்கூடாது, பிறகு இது அது இல்லை என்று மனசு ஓடிப்போகும், மனசைப் பற்றி அவனுக்கு நன்றாகத் தெரியும். அன்றைக்கு அருளானந்தம் மஞ்சள் வளையத்தைக் குறை சொன்னதும் இவனுக்குச் சுருக்கென்றது. பெடலில் காலை வைத்தான், எடுக்கவில்லை. குப்பையிலிருந்து செட்டுக் கட்டுவது எப்படி என்று ஒரு பிரசங்கமே செய்தான். எந்தச் சாமானும் கெட்ட சாமான் இல்லை, நமக்கு உபயோகிக்கத் தெரியாததுதான் என்றான். உதடு சுரீர் சுரீர் என்றது, மைக்கை மாற்றிப் பிடித்துக்கொண்டு பேசினான். அவ்வளவு நேரம் அவன் விடாமல் பேசினதே இல்லை. அந்த நேரம் பூராவும் அலை வழிந்திருக்கும், ஒயரோடு, காற்றுப் போக்கியில், மேல் வீட்டுச் சமையலறைச் சுவரை ஒட்டி, பெல்லுக்கு ஒரு முழம் தள்ளி. அடுப்பை அணைக்கிற அலைக்கு ஒரு மட்டமான பெல்லின் காதைப் பொத்துவதா கஷ்டம். பெரியவர் அந்த நேரம் அமுக்கியிருப்பாரா. அதற்கு முன்னாலா. அதற்குப் பின்னாலா. முன்னாலோ பின்னாலோ என்றால் பெல் அடித்திருக்கும், அவள் வந்திருப்பாள். அப்படியானால் அமுக்கியே இருக்கமாட்டார், விரல் சும்மா பட்டன்மேல் இருந்திருக்கும். சும்மா இருந்த விரலையா பூபதி இழுத்து எடுத்தான். அப்படியே அடித்திருந்தாலும் அவள் ஓடி வந்து என்ன செய்திருப்பாள், டாக்டரே வந்த பிறகு அந்த நிலையில் ஒன்றும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றுதானே சொன்னார். ஒருக்களித்துப் படுக்க வைத்திருப்பாள். முதுகைத் தட்டியிருப்பாள். அவளுக்குத் தெரியும், முன்பு ஒரு தடவை அப்படித்தான் காப்பாற்றினாள், அதையும் அவன் இதே ஓட்டை வழியாகத்தான் கேட்டான். "மூச்ச விடுங் மாமா, விடுங், அவ்வளவுதான், சரியாப் போச்சு." கம்பி வழுக்கி ஒரு சுற்று அவிழ்ந்தது. மறுபடி சுற்றினான்.

இதோடு போயிருந்தால்கூட அவன் வெறும் அலட்சியக்காரன். மேலே ஒரு படி ஏறினானே, அதுதான் ராத்திரியில் விழிக்க வைக்கிறது. பெரியவரை எடுத்துக்கொண்டு போன மறுநாள், எல்லாரும் சாம்பல் கரைக்கப் போயிருந்த நேரம், மொட்டைமாடிக்குப் போய் டப்பாவை அவிழ்த்து மஞ்சளை எடுத்துவிட்டுக் கறுப்பு வளையத்தை மாட்டினான். அந்தக் கறுப்பு வளையம் எங்கிருந்து வந்தது. பெரியவருடைய பழைய டப்பா டிவியிலிருந்து. நல்லபடியாக இருந்த காலத்தில் அவரே சுமந்து வந்து வாசலில் வைத்தார். "சென்னியப்பா, இது படம் காட்டமாட்டேங்குது. நீ பிரிச்சு ஏதாச்சும் பேச வெச்சுக்க." படக்குழாயின் கழுத்தில் இருந்த கறுத்த வளையத்தை அன்றைக்கே எடுத்துத் துடைத்து அலமாரியில் வைத்திருந்தான். கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கனமாக, உடையும் போல, விகாரமாக இருந்தது. மஞ்சள்தான் கையடக்கம். மாட்டிவிட்டு இறங்கி வந்தபின் கலாமணியின் அடுப்பு அணையவில்லை, உதடு கடிக்கவில்லை. அடுப்பைப் பற்றி கலாமணி கருமாதி வீட்டில் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டாள். ரேணுகா அந்த நூலைப் பிடித்துக்கொண்டாள். பூபதி வந்து நின்றான், கண் உள்ளே போயிருந்தது. "ஏனுங்ண்ணா, தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க ரேடியோனால எங்க பெல்லு அடிக்காமப் போயிருக்குமான்னு அவ கேக்கறா." அப்போது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்ததும் வந்தது வேறு. "கேக்கறதுக்கென்ன பூபதி, செக் பண்ணியே பாத்துருலாம். நீ மேல போயி அமுத்து, நான் இங்க ஓட்டறேன்." எவ்வளவு சட்டென்று, எவ்வளவு நல்லவன் மாதிரி. பெடலை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்தான். மேலே குருவி கீச்சிட்டது. மறுபடி கீச்சிட்டது. அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டான், அந்த மூச்சை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை. கெட்டதை எடுத்து ஒளித்துவிட்டு நல்லதை வைத்துச் சோதனை காட்டினான், அவ்வளவுதான். பூபதி அந்தப் பெல்லையும் பட்டனையும் பிடுங்கிக்கொண்டு வந்து அவன் மேஜையில் போட்டான். "இது நல்லாத்தான் இருக்குதுங்ண்ணா. எங்களுக்கு இனி எதுக்கு. பிரிச்சு எதுக்காச்சும் வெச்சுக்கங்க." போகும்போது திரும்பி, "அவ இப்படிப் பொய் சொல்லுவான்னு நான் நெனச்சே பாக்கலீங்" என்றான்.

பெல் மேஜை ஓரத்தில் இருந்தது. பிரித்தால் ஒரு நல்ல கிரிஸ்டல் கிடைக்கும், குட்டி ஸ்பீக்கர் ஒன்று கிடைக்கும். அவன் பிரிக்கவில்லை. அதன் முகத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்திருந்தான். "ஏனுங், காப்பி ஆறுது" என்று கலாமணி வந்து நின்றாள். கறுப்பு வளையத்தையும் மஞ்சள் வளையத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு இதெல்லாம் புரியாது என்று அவன் எப்போதும் நினைத்துக்கொள்வான். "இது அன்னிக்குத் தேவையில்லைன்னு கழட்டுனது தானுங்?" என்றாள். "ஆமா." "அப்பறம் எதுக்குங் மறுபடி?" "ஒண்ணு பாக்கோணும்." அவள் முந்தானையில் கையைத் துடைத்தாள். "மேல அந்தப் புள்ள ரெண்டு நாளா ஒண்ணுமே சாப்புடலைங். வசந்தா இருக்கறப்பவே நான் போயிக் குடுத்தேன், வாங்கி வெச்சுக்கிட்டா, திங்கல. பொட்டியக் கட்டி வாசல்ல வெச்சுட்டாங்க. ஒருத்தர் சாவுக்குப் பேரு வாங்கிட்டு ஒரு பொம்பள எங்க போயி இருப்பா." சென்னியப்பன் ஈயத்தை உருக்கி முனையில் வைத்தான். ஒரு சொட்டு விரலில் விழுந்தது. உதறினான். கலாமணி அதைப் பார்த்துவிட்டுப் போனாள். சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று அவன் வரிசையாக நினைத்தான். குடியிருப்புச் சங்கத்தில் கூடிப் பேசுவார்கள், கம்பியை இறக்கச் சொல்வார்கள். யாராவது எழுதிப் போட்டால் உரிமம் போகும். போகட்டும். பூபதி சட்டையைப் பிடிப்பான். பிடிக்கட்டும். இதெல்லாம் பயம் இல்லை. இதெல்லாம் பயத்தை மூடிப் போடுகிற சாக்கு. பயம் என்னவென்றால், சோதனையில் பெல் அடிக்காமல் போய்விட்டால், அந்தக் காலை நேரத்தில் பெரியவர் ஒரு கட்டை விரலால் அமுக்கி அமுக்கி, ரேணுகாவின் குரல் வரும் வரும் என்று காத்திருந்து, அது வராமல், அதற்குப் பதில் காற்றுப் போக்கி வழியாக இவனுடைய குரலைக் கேட்டுக்கொண்டே போயிருப்பார். எந்தச் சாமானும் கெட்ட சாமான் இல்லை என்கிற குரலை. அதுதான் அவர் கடைசியாகக் கேட்டது.

மஞ்சள் வளையத்தை ஊறுகாய் டப்பாவுக்குள் வைத்து மூடி எடுத்துக்கொண்டு படியேறினான். மேல் வீட்டைத் தாண்டித்தான் மொட்டைமாடி. வாசலில் வசந்தாவின் செருப்பு, பூபதியின் செருப்பு, கதவு திறந்திருந்தது. உள்ளே சோபா ஓரத்தில் ஒரு பெட்டி, மேலே ஒரு கட்டைப் பை. பூபதி யாரிடமோ போனில் பஸ் எங்கே வருகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தான். ரேணுகா ஈரக் கையோடு ஹாலுக்கு வந்தவள் இவனைப் பார்த்து நின்றாள். "வாங்ண்ணா" என்றாள். வீட்டு வாசலில் யாரைப் பார்த்தாலும் சொல்லுகிற வாங். அதில் கோபமும் இல்லை, கேள்வியும் இல்லை. அவள் திட்டியிருந்தால் அங்கேயே சொல்லியிருப்பானோ என்னவோ. "மாடிக்கு, இத மாட்டறதுக்கு" என்று டப்பாவைக் காட்டினான். அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். மாடியில் வெயில் சுட்டது. செருப்பில்லாமல் வந்துவிட்டான், பாதம் கொப்பளித்துவிடும் போலிருந்தது. அவசரம் அவசரமாகக் கம்பியை முறுக்கி மாட்டினான். மாட்டிவிட்டுக் கைப்பிடிச் சுவர்மேல் கை வைத்து நின்றான். இப்போதும் ஒன்றும் ஆகிவிடவில்லை. கீழே போகாமல் இருக்கலாம். போய்ச் செட்டை ஓட்டாமல் இருக்கலாம். பஸ் வந்துவிடும், பெட்டியைத் தூக்குவார்கள், அவள் தாராபுரத்தில் இருப்பாள், கொஞ்ச நாளில் பூபதி போய்க் கூட்டி வருவான், வராமலா போய்விடுவான். வருவான் என்று யார் சொன்னது. அந்த வீட்டில் இனி அவள் எது சொன்னாலும் பெல் அடிக்கவில்லை என்று சொன்னவள்தானே என்று ஒரு கண் பார்க்கும். அவளே ஒருநாள் நினைப்பாள், அடித்திருக்குமோ, எனக்குத்தான் கேட்கவில்லையோ என்று. தனக்குத் தெரிந்த ஒன்றை மறைத்து, அவளுக்குத் தன் காதைப் பற்றியே சந்தேகம் வர விடுவதா. இறங்கினான். இறங்கும்போது அந்த வாசலைப் பார்க்கவில்லை.

பெல்லையும் பட்டனையும் எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனான். ஒரே மேஜையில் வைத்துப் பார்த்தால் அது சோதனை இல்லை, பக்கத்தில் வைத்தால் எந்தச் செட்டும் எந்தப் பெல்லின் காதையும் அடைக்கும். அவன் வீட்டுச் சமையலறை மேல் வீட்டுச் சமையலறைக்கு நேர் கீழே. அதே சுவர், அதே உயரத்தில் பிளக், ஓட்டைக்கு வெளியே அதே ஒயர். பெல்லைச் சொருகினான். "செத்தவரு பெல்ல எதுக்குங் இங்க?" என்றாள் கலாமணி. அவன் பட்டனை மட்டும் எடுத்துக்கொண்டான். அறைக்கு வந்து உட்கார்ந்தான். செட்டைப் போட்டான். காற்றில் யார் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். ஆளில்லாத இடத்துக்குத் திருப்பினான். மைக்கை எடுத்து உதட்டுப் பக்கம் கொண்டுபோனான். பெடலில் கால் வைத்தான். கால் அமுங்கவில்லை. பிறகு அமுங்கியது. "சோதனை" என்றான். உதட்டில் சுரீர் என்றது, பழைய இடத்திலேயே, அந்தக் கடுகளவுக் கறுப்பிலேயே. அவன் கண்ணை மூடிக்கொண்டான். சமையலறையில் அடுப்பு கீகீ என்று கத்தி அணைந்தது. "பாருங், மறுபடியும்" என்றாள் கலாமணி. வலது கைக் கட்டை விரலைப் பட்டன்மேல் வைத்து அமுக்கினான். ஒன்றும் இல்லை. அமுக்கினான். ஒன்றும் இல்லை. பட்டனில் ஒரு சின்னச் சிவப்பு வெளிச்சம் ஒவ்வொரு தரமும் வந்தது, அமுக்கியது போய்ச் சேருகிறது என்று அமுக்குகிறவனுக்குச் சொல்லுகிற வெளிச்சம். பெரியவருக்கும் அது தெரிந்திருக்கும். போய்ச் சேருகிறது, வந்துவிடுவாள் என்று நினைத்திருப்பார். விடாமல் அமுக்கினான், விரல் நுனி வெளுத்து வலிக்கிற வரைக்கும், குருவி கீச்சிடாதா, ஒரு தரம் கீச்சிடக் கூடாதா, எல்லாமே நான் பயந்ததுதான் என்று ஆகிவிடக் கூடாதா என்று. சமையலறை அமைதியாக இருந்தது. விரல் பட்டன்மேல் இருக்க, கால் தன்னால் பெடலை விட்டது. உடனே குருவி கீச்சிட்டது, கணீரென்று, வீடெல்லாம், காற்றுப் போக்கியெல்லாம்.

மேலே ஒரு பாத்திரம் கீழே வைக்கப்படும் சத்தம். அதோடு சேர்ந்து, அவசரமாக, எத்தனையோ நாளாகச் சொல்லிச் சொல்லிப் பழகின குரல். "வந்துட்டனுங் மாமா." இரண்டு எட்டு ஓடினது கேட்டது. மூன்றாவது எட்டு கேட்கவில்லை. குழாய் ஓடிக்கொண்டிருந்தது. கலாமணி கரண்டியோடு வாசலில் வந்து நின்று அவனைப் பார்த்தாள், அவன் கையைப் பார்த்தாள், பட்டனைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. அவன் எழுந்தான். படியேறிப் போய்ச் சொல்ல வேண்டும் என்றுதான் எழுந்தான், ஆனால் தன்னைப் பற்றி அவனுக்கு நன்றாகத் தெரியும், ஏழாவது படியில் ஒரு சாக்குக் கிடைத்துவிடும். சமையலறைக்குப் போனான். ஓட்டைக்கு நேராக முகத்தை வைத்தான். உள்ளே இருட்டு, பாசி வாசனை, மேலே ஒரு துண்டு வானம். நாலு மாடிக்கும் கேட்கும் என்று தெரிந்தே பேசினான். "அம்முணி, ரேணுகா. நான் கீழ் வீட்டு சென்னியப்பன். பூபதியையும் வசந்தாவையும் கூட்டிட்டுக் கீழ வா. அன்னிக்குப் பெல்லு அடிக்கல. எம்பட ரேடியோதான் அத அடிக்க உடல. அப்பறம் நான் அத மாத்தி வெச்சுட்டு உங்களுக்குக் காட்டுனேன். நீ சொன்னதுதான் நெசம்." குரல் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. இரண்டாவது மாடியில் ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி நின்றது. மேலே யாரோ குழாயை மூடினார்கள்.